அவசரப்பட்ட மாத்திரை

வெள்ளைப் பலகையில் பாதிக் கோடு போட்டிருந்தபோது அவர் கை நின்றது.

மார்க்கர் பேனா நழுவித் தரையில் விழுந்து உருண்டது.

"சார்... என்ன சார் ஆச்சு?"

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள்.

அது ஒரு மாத்திரைத் தொழிற்சாலையின் கூட்ட அறை. பலகைக்கு முன்னால் நின்றவர் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர். அவருடைய சொந்தப் பெயர் பலருக்கு மறந்தே போயிருந்தது. கம்பெனி மொத்தமும் அவரை 'ஃபார்முலா' என்றுதான் சொல்லும்.

ஃபார்முலா ஒரு கையால் நாற்காலியைப் பற்றிக்கொண்டார். மறு கையால் செல்போனை எடுத்து மனைவியின் எண்ணை அழுத்தினார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"மாத்திரை..." என்றார் போனில்.

அவ்வளவுதான்.

நாற்காலியோடு சேர்ந்து சரிந்தார்.

கீழே கிடந்த போன் மட்டும், "ஹலோ... என்னங்க... ஹலோ..." என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

*

"ஹார்ட் அட்டாக்னு ஆஸ்பத்திரில எழுதிக் கொடுத்துட்டாங்களேம்மா" என்றாள் இன்ஸ்பெக்டர்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் செத்தவரின் மனைவி. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். அழுது முடித்த கண்கள். ஆனால் குரலில் நடுக்கம் இல்லை.

"அவர் நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லலைங்க. மாத்திரைன்னு சொன்னார்."

"மாத்திரை எடுத்துட்டு வான்னு சொல்ல வந்திருக்கலாம்."

"மாத்திரை பண்ற கம்பெனில நின்னுக்கிட்டு, பள்ளிக்கூடத்துல கிளாஸ் எடுத்துட்டிருக்கிற என்கிட்டயா கேப்பார்?"



டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். லேபிள் இல்லாத டப்பா. கம்பெனி தன் ஆட்களுக்கு இலவசமாகக் கொடுப்பது.

"தினமும் காலைல அவர் கையில மாத்திரையும் தண்ணியும் நான்தான் கொடுப்பேன். ரத்த அழுத்தத்துக்கு. அன்னிக்கு இதுலருந்துதான் எடுத்துக் கொடுத்தேன். ஒண்ணே ஒண்ணு. பாருங்க... எனக்கு ஏதோ சரியாப் படலை."

பக்கத்தில் நின்ற துணை அதிகாரி வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டான். ஸ்டேஷனில் அவனுக்கு அதுதான் பெயர். கொட்டாவி.

"போஸ்ட்மார்ட்டத்துக்கு எழுதுய்யா" என்றாள் இன்ஸ்பெக்டர். "அதுக்கப்புறம் தூங்கு."

*

போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் போனில் வந்தார்.

"ரத்தத்துல மருந்து ஏகத்துக்கு இருக்கு மேடம். இதயத் துடிப்பை மெதுவாக்குற மருந்து. இவருக்கு அது ஒரேயடியா மெதுவாகி நின்னுபோச்சு."

"அவர் வழக்கமாப் போடற மாத்திரைல இருக்கிற மருந்துதானே?"

"அதேதான். ஆனா ஒரு மாத்திரைல இவ்வளவு வராது. நாலஞ்சு சேர்த்து முழுங்கியிருக்கணும்."

"ஒண்ணுதான் கொடுத்தேன்னு மனைவி சத்தியம் பண்றாங்க."

"அப்ப மனைவி பொய் சொல்றாங்க. இல்லைன்னா மாத்திரை பொய் சொல்லுது."

மாத்திரை பொய் சொல்கிறதா?

டப்பா அரசுப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனது. இன்ஸ்பெக்டர் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ரிப்போர்ட் வந்தது.

மருந்து, சரியான அளவு. மற்ற பொருட்கள், எல்லாம் சரியான அளவு. விஷம், இல்லை.

"இன்னொரு தடவை பார்க்கச் சொல்லு" என்றாள்.

கொட்டாவி போய் வந்தான்.

"அதே பதில்தான் மேடம். கூடவே கொஞ்சம் திட்டும் கொடுத்து அனுப்பியிருக்காங்க."

மேலதிகாரி கூப்பிட்டார். "மறதில ரெண்டு மூணு சேர்த்துப் போட்டிருப்பார்ம்மா. வயசானா வர்றதுதானே? ஃபைலை மூடுங்க."

"சார், அவர் மாத்திரையிலேயே ஊறினவர். மறந்து போடுவாரா?"

"சமையல்காரன் கையைச் சுட்டுக்கறதில்லையா? மூடுங்க."

மூட விடாமல் ஒருத்தி இருந்தாள்.

பள்ளி விட்டதும் டீச்சர் நேராக ஸ்டேஷனுக்கு வருவாள். வாசல் பெஞ்சில் உட்காருவாள். விடைத்தாள் கட்டைப் பிரித்துச் சிவப்பு மையால் திருத்திக்கொண்டே காத்திருப்பாள். எதுவும் கேட்க மாட்டாள். இன்ஸ்பெக்டர் வெளியே வரும்போது நிமிர்ந்து பார்ப்பாள். அவ்வளவுதான்.

சத்தம் போட்டிருந்தாலாவது பதிலுக்குச் சத்தம் போட்டிருக்கலாம்.

"பின்பக்கக் கதவு ஒண்ணு இருக்கு மேடம்" என்றான் கொட்டாவி.

"நான் ஏன்யா திருடி மாதிரி போகணும்?" என்று எரிந்து விழுந்தாள். அடுத்த நாள் பின்பக்கமாகத்தான் போனாள்.

*

"மூணாவது தடவையா கேக்கறீங்க. பதிலும் மூணாவது தடவையா அதேதான்."

பரிசோதனைக் கூடத்தின் தலைமைப் பெண்மணி கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். லேப் மேடம் என்றால் அந்தக் கட்டடமே நிமிர்ந்து உட்காரும்.

"ஒருத்தர் செத்திருக்கார் மேடம்."

"அதுக்காக இல்லாத விஷத்தை நான் போட்டா எடுக்க முடியும்?"

"ஒரு மாத்திரைல அவ்வளவு மருந்து எப்படி வரும்?"

"அதை நீங்க கேக்கவே இல்லையே. ரெண்டு தடவையும் 'இதில் என்னென்ன உள்ளது?'ன்னு எழுதி அனுப்பினீங்க. என்னென்ன இருக்குன்னு சொல்லிட்டேன். வேற கேள்வி இருந்தா கேளுங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"எனக்குக் கேள்வியே தெரியலை மேடம். நான் படிச்சது வரலாறு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரா இருக்கு. என்ன கேக்கணும்னு நீங்களே சொல்லிடுங்க. அதையே நான் கேக்கறேன்."

லேப் மேடத்தின் முகத்தில் முதல்முறையாக ஏதோ இளகியது.

"இது காலைல ஒண்ணு முழுங்கினா நாள் முழுக்க வேலை செய்யற மாத்திரை. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வெளியில விடும்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"இருங்க. இது விடுதான்னு நான் பார்க்கலை."

இரண்டு கண்ணாடிக் குடுவைகள் வந்தன. உடம்புச் சூட்டில் தண்ணீர். ஒன்றில் கடையில் வாங்கிய அதே மாத்திரை. இன்னொன்றில் டீச்சர் கொடுத்த டப்பாவிலிருந்து எடுத்தது. சின்னத் துடுப்புகள் தண்ணீரைக் கலக்கத் தொடங்கின.

இன்ஸ்பெக்டருக்கு டீ வந்தது.

கடை மாத்திரை மெல்ல உப்பியது. மேலே வழுவழுவென்று ஜெல் படர்ந்தது. அப்படியே குந்திக்கொண்டது.

மற்றது...

டீ ஆறுவதற்குள் உதிர்ந்தது. தண்ணீர் கலங்கியது. கொஞ்ச நேரத்தில் மாத்திரை இருந்த இடமே தெரியவில்லை.

"நாள் முழுக்கப் போக வேண்டிய மருந்து..." என்றாள் இன்ஸ்பெக்டர் மெதுவாக.

"ஒரே மூச்சுல ரத்தத்துக்குள்ள போயிருக்கு. அளவு சரி. வேகம்தான் தப்பு."

"ஏன் மேடம் உதிர்ந்துச்சு?"

"இப்பத்தான் சரியான கேள்வி கேட்டிருக்கீங்க."

லேப் மேடம் எழுந்தாள். மாத்திரைக்குள் மருந்தைப் பிடித்து வைத்திருக்கும் பாலிமர் பசையை இரண்டிலிருந்தும் தனியாகப் பிரித்தெடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அதை இரண்டு குழாய்களில் தண்ணீரோடு கரைத்துக் கொண்டுவந்தாள். முதல் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். உள்ளே இருந்தது அசையவில்லை. இரண்டாவதைக் கவிழ்த்தாள். சளசளவென்று கொட்டியது.

"ரெண்டும் ஒரே பசைதானா?"

"அதே பசை. அதே எடை. அதனாலதான் ரிப்போர்ட்ல சரின்னு வந்தது. நீள முடி சிக்குப் பிடிச்சா சீப்பு நகருமா?"

"நகராது."

"அதே முடியை வெட்டி சலூன் தரைல போட்டா? ஊதினாப் பறக்கும். ரெண்டையும் டெஸ்ட் பண்ணினா ரெண்டுமே முடின்னுதான் வரும். பாலிமர்னா ஒரு மூலக்கூறே நீளமான சங்கிலி. ஆயிரக்கணக்கான சங்கிலி ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிட்டாத்தான் ஜெல் நிக்கும், மருந்தும் உள்ள நிக்கும். இதுல யாரோ சங்கிலியைத் துண்டு துண்டாக்கியிருக்காங்க."

"எதை வச்சு?"

"அரைச்சு. உருளைக்குள்ள இரும்புக் குண்டும் தூளும் போட்டுச் சுத்தவிடற மில் இருக்கு. கொஞ்ச நேரம் ஓட்டினாத் தூள் நைசாகும். நாள்கணக்கா ஓட்டினா, குண்டு மோதுற ஒவ்வொரு தடவையும் சங்கிலி இழுபட்டு நடுவுல அறும்."

"அரைச்சாத் தூள்தானே சின்னதாகும்?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. தண்ணில கரைஞ்சப்புறம் தூள் ஏது? பெருந்தூளா இருந்தாலும் நைசா இருந்தாலும் கரைஞ்சா ஒரே மாதிரி கெட்டியாத்தான் இருக்கணும். இது தண்ணியா ஓடுது. அப்ப உடைஞ்சது தூள் இல்ல. மூலக்கூறு."

"வெயில்ல, சூட்டுல கெட்டுப்போயிருந்தா?"

"அப்பவும் அறும். ஆனா இதுல குண்டு தேய்ஞ்ச இரும்புப் பொடி இருக்கு. துளியூண்டு. இப்பத்தான் தேடினேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டினாள்.

விஷமே இல்லாத கொலை. எத்தனை தடவை சோதித்தாலும் சுத்தமாக வரும் கொலை. செய்தவன் முட்டாள் இல்லை.

*

தொழிற்சாலையின் மில் அறை. காதைப் பிளக்கும் கடகட சத்தம். பீப்பாய் போன்ற எஃகு உருளை சுற்றிக்கொண்டிருந்தது.

அதை இயக்குகிறவன் காதடைப்பானைக் கழற்றிக்கொண்டு வந்தான். முப்பதைத் தாண்டியவன். முகத்தில் மாவு பூசியது போலத் தூசி.

"இவர் யார் தெரியுமா மேடம்?" கொட்டாவி காதோரம் வந்தான். "டீச்சரோட கூடப்பிறந்த தம்பி. போன மாசம் கேன்டீன்ல எல்லார் முன்னாடியும் ஃபார்முலா இவரை, 'அக்காவைக் காட்டி வேலை வாங்கினவன்தானே நீ'ன்னு கேட்டிருக்கார். இவர் தட்டைத் தூக்கி அடிச்சிருக்கார்."

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்தாள்.

"பசைத்தூளை இந்த மில்லுல நாள்கணக்கா அரைச்சது யாரு?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான்.

"நான்தான்" என்றான்.

"ஏன்?"

அவன் காதடைப்பானை ஆணியில் மாட்டினான்.

ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஸ்டேஷன் பெஞ்சில் இருந்த டீச்சர், தம்பி இறங்குவதைப் பார்த்தாள். மடியிலிருந்த விடைத்தாள்கள் சரிந்து வராந்தா முழுக்கப் பரவின.

"இவனையா?" என்றாள். "நான் ஓடி ஓடி வந்தது இதுக்கா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

விசாரணை அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இன்ஸ்பெக்டர் மிரட்டினாள். தன்மையாகக் கேட்டாள். எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி மிரட்டினாள். சுவரே பரவாயில்லை என்று தோன்றியது.

"உங்க அக்கா வெளில உட்கார்ந்து அழறாங்கப்பா. இத்தனை நாள் அந்தப் பெஞ்சுல அழாதவங்க."

அதுதான் அவனை அசைத்தது.

"ஓட்டினது நான்தான் மேடம். ஓட்டச் சொன்னது அத்தான்."

"யாரு?"

"செத்துப்போனவர். என் அத்தான். 'நான் சொல்றவரைக்கும் நிறுத்தாதே, ஏன்னு கேக்காதே, யார்கிட்டயும் மூச்சு விடாதே'ன்னார். அரைச்ச தூளை அவரே வாங்கிட்டுப் போனார்."

"இதை ஏன்யா முதல்லயே சொல்லலை?"

"யார் நம்புவாங்க? அவரோட சண்டை போட்டவன் நான். செத்தவர் தலைல பழியைப் போடறேன்னு அக்காவே சொல்லுவா. நீங்களே நம்பலையே இப்ப."

உண்மைதான். அவள் நம்பவில்லை.

"இது ஒண்ணுதான் இருக்கு. இதுவும் போதுமான்னு தெரியலை" என்று தன் செல்போனை நீட்டினான். அதில் ஒரு குரல் பதிவு. ஃபார்முலாவின் குரல். "மில்லை நிறுத்தாதே. நாளைக்கும் ஓடட்டும். வாயை மட்டும் திறக்காதே."

கொட்டாவியைத் தொழிற்சாலைக்கு விரட்டினாள். அவன் கொட்டாவியே விடாமல் திரும்பி வந்தான்.

"ஆராய்ச்சிப் பிரிவுல மாத்திரை அழுத்துற சின்ன மெஷின் ஒண்ணு இருக்கு மேடம். அந்த அறைக் கதவு கட்டைவிரல் ரேகை வச்சாத்தான் திறக்கும். தூள் அரைச்சு முடிச்சப்புறம் அந்தக் கதவைத் திறந்தது ஒரே ஒரு விரல்தான்."

"தம்பியோடதா?"

"செத்தவரோடது."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அவரே அரைக்கச் சொல்லி, அவரே மாத்திரை பண்ணி, அவரே முழுங்கினாரா? தற்கொலையா?"

"சாகறதுக்கு இவ்வளவு சிரமப்படுவாங்களா மேடம்? அதுவும் நடுக் கூட்டத்துல, பலகைல கோடு போட்டுக்கிட்டே?"

"எதைப் பிடிச்சாலும் கையில தங்க மாட்டேங்குதேய்யா." மேசையை ஓங்கிக் குத்தினாள். கைதான் வலித்தது.

"வண்டியை எடு. தம்பியையும் ஏத்து. டீச்சர் வீட்டுக்குப் போறோம்."

*

சின்ன வீடு. கூடத்தில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் யாரும் உட்காருவதில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"அந்தக் காலையை மறுபடி சொல்லுங்க. ஒண்ணு விடாம" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"எத்தனை தடவைங்க சொல்றது? எழுந்தார். குளிச்சார். மாத்திரை கொடுத்தேன். கிளம்பினார்."

"மாத்திரையை எங்கேருந்து எடுத்தீங்க?"

"சமையலறை அலமாரிலருந்து. அவர் டப்பா காலியா இருந்தது. அதனால என்னோடதுலருந்து ஒண்ணு எடுத்துக் கொடுத்தேன்."

இன்ஸ்பெக்டரின் முதுகு நிமிர்ந்தது.

"உங்களோடதா?"

"எனக்கும் ரத்த அழுத்தம் இருக்குங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரை, ஒரே அளவு. யாரோடதுலருந்து எடுத்தா என்ன?"

"நீங்க என்கிட்ட கொடுத்த டப்பா..."

"என்னோடதுதான். 'இதுலருந்து எடுத்துக் கொடுத்தேன்'னு சொன்னேனே. யாரோடதுன்னு நீங்க கேக்கலையே."

கேட்கவில்லை. இவ்வளவு நாளும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் தன்னைத் தானே மனதுக்குள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டாள்.

"அன்னிக்கு நீங்க போட்டீங்களா?"

"நேரமாயிடுச்சு. வந்து போட்டுக்கலாம்னு ஓடிட்டேன். அப்புறம்தான் அந்தப் போன் வந்ததே... அதுக்கப்புறம் மாத்திரையாவது ஒண்ணாவது. அன்னிக்குத்தான் புது டப்பாவையே பிரிச்சேன்."

"அதை உங்களுக்கு யார் கொண்டுவந்து கொடுத்தா?"

"அவர்தான்" என்றாள் டீச்சர். கொஞ்சம் நிறுத்தி, "கடைசி சில நாளா அவ்வளவு அக்கறையா இருந்தார்" என்றாள்.

"கடைசி சில நாளான்னா... அதுக்கு முன்னாடி?"

டீச்சர் ஜன்னலைப் பார்த்தாள்.

"நான் பிரிஞ்சு போறதா சொல்லியிருந்தேன். வேற ஊர்ல வேலை கிடைச்சிருந்தது. பல வருஷக் கதைங்க அது. அவர் கத்துவார், எதையாவது உடைப்பார்னு நினைச்சேன். 'சரி'ன்னு மட்டும் சொன்னார். அப்புறம் வேளாவேளைக்குச் சாப்பிட்டியான்னு கேட்டார். உனக்கு மாத்திரை தீர்ந்துடுமேன்னு டப்பா கொண்டுவந்தார். ஒரு நல்ல மனுஷனை விட்டுட்டுப் போறேனோன்னு எனக்கே ஆயிடுச்சு. அவர் செத்ததும்... நான் செய்ய வேண்டிய கடமை இதுவாவது பாக்கியிருக்கேன்னுதான் உங்க பெஞ்சுல வந்து உட்கார்ந்தேன்."

இன்ஸ்பெக்டர் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், நேராகவே சொன்னாள். மில்லை, பசையை, அறுந்த சங்கிலியை, கட்டைவிரலை.

டீச்சர் கணக்கின் கடைசி வரி வரை காத்திருப்பவள் போலக் கேட்டாள்.

"அப்ப அது எனக்கு வச்சது."

"ஆமாம்மா."

"நான் செத்திருந்தா?"

"ஹார்ட் அட்டாக்னு எழுதிக் கொடுத்திருப்பாங்க. சோதிச்சாலும் எல்லாம் சரின்னுதான் வந்திருக்கும். பெஞ்சுல வந்து உட்கார ஆள் இருந்திருக்காது."

"என் கையாலதான் கொடுத்தேன்" என்றாள் டீச்சர். "பேப்பர் படிச்சுக்கிட்டே வாங்கிப் போட்டுக்கிட்டார். பார்க்கக்கூட இல்லை. புரிஞ்சப்பத்தான் போன்ல 'மாத்திரை'ன்னிருக்கார்."

யாரும் உட்காராத பக்கத்து நாற்காலியைக் கையால் தள்ளிவிட்டாள்.

"என் தம்பி?"

"வாசல்ல, ஜீப்புல இருக்கார்."

டீச்சர் எழுந்தாள். செருப்புப் போடாமல் வெளியே போனாள். ஜீப்பின் பின்கதவைத் திறந்து, தூசி படிந்த அந்தத் தலையைத் தன் தோளோடு இழுத்துக்கொண்டாள். வாய்விட்டு அழுதாள். புருஷனுக்காக அழாத அழுகை.

"அக்கா... சொன்னா நீ நம்ப மாட்டேன்னு..."

"பேசாம இருடா."

*

திரும்பும் வழியில் ஜீப் சிக்னலில் நின்றது.

"கேஸ் முடிஞ்சது மேடம்" என்றான் கொட்டாவி.

"என்னய்யா முடிஞ்சது? கொலைகாரன் இருக்கான், ஆயுதம் இருக்கு, காரணம் இருக்கு. விலங்கு மாட்டத்தான் கை இல்லை. செத்தவனே கொலைகாரன்னு ஃபாரத்துல எந்தக் கட்டத்துல எழுதுறது?"

செல்போன் அடித்தது. மேலதிகாரி.

"என்னம்மா ஆச்சு? குற்றவாளி யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார்."

"அட. ஆளை உள்ள வச்சாச்சா?"

இன்ஸ்பெக்டர் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"வச்சாச்சு சார். நமக்கு முன்னாடியே சொந்தக்காரங்க வச்சுட்டாங்க... ஆறடி ஆழத்துல."